படகு டிரெய்லருக்குப் பேரிங் பட்டி வாங்கலாமா?

பேரிங் பட்டி (Bearing Buddy) என்பது சக்கரத்தின் நடுவில் மாட்டும், பேரிங்குகளுக்குக் கிரீஸை அழுத்திக் கொடுக்கும் மூடி. வாங்கலாம். ஆனால் இதை மாட்டிவிட்டால் சக்கரத்தைத் திறந்து பார்க்கவே வேண்டாம் என்று சொல்லி விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

மெல்பேர்ணில் எங்கள் வீட்டு டிரெய்லரின் சக்கரங்கள் என் பொறுப்பு. தூண்டிலும் சாப்பாட்டுப் பெட்டியும் கணவர் பொறுப்பு. டாண்டினாங்கிலிருந்து ஹேஸ்டிங்ஸ் இறங்குதுறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹப், அதாவது பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்குடம், சூடேறிவிடுகிறது. அந்தச் சூட்டோடு வெஸ்டர்ன் போர்ட்டின் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் டிரெய்லரை இறக்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த வெற்றிடம் பின்பக்கத்து சீல் (ரப்பர் அடைப்பு வளையம்) வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்து வெளியே எவ்வளவு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினாலும் உள்ளே போன உப்பு உள்ளேதான் இருக்கும். டிரெய்லர் வாரக்கணக்கில் சும்மா நிற்கும்போது பேரிங்குக்குள் இருக்கும் ரோலர்களைத் துரு தின்னும்.

பேரிங் பட்டி இதற்குத்தான். சாதாரண தகர மூடியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இதைப் பொருத்தி, மேலே மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நேராக அடித்து ஏற்ற வேண்டும். உள்ளே ஸ்பிரிங் தாங்கிய பிஸ்டன், அதன் நடுவே கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் கன்னைப் பொருத்தி அடிக்கும் சிறு முனை. ஹப் நிரம்பியதும் பிஸ்டன் சற்றே வெளியே நகரும். அதன்பின் ஸ்பிரிங் கிரீஸை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ. மிகக் குறைவுதான், ஆனாலும் சக்கரம் மூழ்கும் ஆழத்துக்கு அது தாராளம். பிஸ்டனின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் கிரீஸ் போதும். இறங்குதுறையில் வரிசையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

அளவில் கவனம் வேண்டும். பேரிங் பட்டியின் மாடல் எண்தான் அதன் அங்குல அளவு: 1980 என்றால் 1.980 அங்குலம். இங்குள்ள சிறு டிரெய்லர்களில் ஹப்பின் வாய் பெரும்பாலும் 45 மி.மீ.; அதற்கு 1781. பேரிங் கேட்டுப் போனால் கடைக்காரர் “ஹோல்டனா, ஃபோர்டா?” என்பார். ஹோல்டன் கார் தொழிற்சாலையை 2017இல் மூடிவிட்டார்கள், பேரிங்குக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்வது நல்லது. ஹோல்டன் வகையில் உள்பக்கத்துக்கு எல்எம்67048, வெளிப்பக்கத்துக்கு எல்எம்11949.

முன்பு நாங்கள் வாங்கிய, ஊர் பேர் தெரியாத மலிவு ரக மூடிகளில் ஒன்று சாலையிலேயே கழன்று விழுந்தது. மூடி போனால் கிரீஸும் போகும், புழுதி வந்து சேரும்.

இனி குறைகள். நிப்பிளில் செலுத்தும் புது கிரீஸ் முன்பக்கத்தில்தான் தங்கும்; பின் பேரிங்கில் கிடக்கும் பழைய கிரீஸை அது வெளியேற்றாது. டெக்ஸ்டர் நிறுவனத்தின் ஈஸி லூப் அச்சுகளில் கிரீஸ் அச்சின் நடுத்துளை வழியாகப் பின் பேரிங்குக்குப் போய் முன்னால் திரும்பி வரும். அது வேறு அமைப்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அளவு மீறி அடித்தால் பின் சீல் பிதுங்கி கிரீஸ் பிரேக்கில் வழியும். என் தம்பி கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தாலே “இன்னும் உள்ளே போகிறது அக்கா” என்பான். போகத்தான் செய்யும், எங்கே போகிறது என்பதல்லவா கேள்வி?

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை ஜாக்கியில் தூக்கி, கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ரோலரில் குழியோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால், அது உட்காரும் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். சீலைப் பார்த்து யோசிக்கவே வேண்டாம், புதிது போடுங்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்திப் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பலம் காட்டும் இடம் அதுவல்ல. மரைன் கிரீஸில் ஒரே வகையைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். எல்லா வகையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

கடலில் இறக்குபவர்கள் துருப்பிடிக்காத எஃகு ரகத்தையே கேளுங்கள். நிப்பிளை மூடும் உறையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கசியும் கிரீஸ் ரிம் முழுவதும் தெறிக்கும்.