ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு எது ஏற்றது?

தஞ்சாவூரிலிருந்து வீணை வரவழைக்க நினைக்கும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு முதலில் வரும் குழப்பம் இது. குடம் (நாதம் எழும் உருண்டைப் பகுதி), தண்டி (நீண்ட கழுத்து), யாளிமுகம் (நுனியில் உள்ள சிற்பத் தலை) மூன்றையும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செதுக்கி இணைத்தால் ஒட்டு வீணை.

நாதத்தில் என் ஓட்டு ஏகாந்தத்துக்கே. மீட்டிய ஸ்வரம் சற்று நீண்டு நிற்கிறது. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பதற்கு, அந்தக் கார்வை வேண்டும். ஆனால் அவ்வளவு பருத்த, பழுதில்லாத மரம் எளிதில் கிடைக்காது. விலை ஏறுவது அதனால்தான். தொடக்க மாணவியின் காதுக்கு இந்த வித்தியாசம் எட்டச் சில ஆண்டுகள் ஆகும். பெற்றோரின் பெருமைக்கு உடனே எட்டிவிடும்.

நம் ஊர்க் காற்றோ வேறு கணக்குப் போடுகிறது. இரவெல்லாம் குளிர்சாதனம் மரத்தை உலர்த்தும். காலையில் சன்னலைத் திறந்தால் மறுபடி ஈரம் ஏறும். இந்த இழுபறியில் ஒட்டு வீணையின் இணைப்பு விட்டுப்போகலாம். ஏகாந்தத்துக்கு அந்தப் பயம் இல்லை, விரிசல் பயம் உண்டு. விட்ட இணைப்பை ஒட்டிக்கொள்ளலாம். குடத்தில் ஓடிய விரிசலை அடைத்தாலும் பழைய நாதம் திரும்புமா என்பது சந்தேகமே.

உண்மையில் இரண்டையும் ஒரேபோல் படுத்துவது மேளம், அதாவது தண்டிமேல் உள்ள மெழுகுக் கட்டு. தேன்மெழுகில் கரி கலந்து தண்டியின் இருபுறமும் வரப்பு கட்டியதுபோல் எழுப்பி, அதன்மேல் உலோகக் குறுக்குப்பட்டைகளான 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டையும் தந்தியை மீட்டி, காதால் சுருதி பார்த்து, மயிரிழை நகர்த்தி நிறுத்துவார் ஆசாரி. வெப்பத்தில் மெழுகு இளகி ஒரு மெட்டு சாய்ந்தாலும் போதும், தந்தியை முறுக்கும் பிருடையை எவ்வளவு திருகினாலும் அந்த ஸ்வரம் பிசகியே ஒலிக்கும். மேளம் கட்டத் தெரிந்தவர் பக்கத்துப் புளோக்கில் இருக்கமாட்டார். மாலை வெயில் விழும் சன்னலோரம் வீணைக்கு ஆகவே ஆகாது.

மின்னணு வீணை பயணத்துக்கு வசதி, அவ்வளவே.

ஆகவே புதிதாகக் கற்பவருக்கு நன்றாக உலர்ந்த மரத்தில் செய்த ஒட்டு வீணை போதும். மிச்சமாகும் பணத்தை ஊருக்குப் போகும்போது மேளம் கட்டச் செலவிடலாம். கச்சேரி மேடைக்கு வந்துவிட்டவர் ஏகாந்தம் வாங்கட்டும். எதுவானாலும் தண்டியின் அடியில் பொருத்தும் சுரைக்காயை ஃபைபரில் கேளுங்கள்; அது பெரும்பாலும் தாங்குவதற்குத்தான், விமானத்தில் உடையவும் உடையாது.