'எப்படிச் செய்வது' கட்டுரை வந்தால் வைப்பதா, நீக்குவதா? ஒரு தொகுப்பாளரின் நீண்ட கால அனுபவம்

விக்கிப்பீடியாவில் புதிதாக வரும் கட்டுரைகளைப் படித்துத் துப்புரவு செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நான் அடிக்கடி எடுத்துக்காட்ட வேண்டியிருந்த விதி, 'இது செய்முறைக் கையேடு அல்ல' என்பது. நல்ல விதிதான். ஆனால் தலைப்பில் 'எப்படி' என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் அதைக் கையில் எடுத்தால், காப்பாற்ற வேண்டிய கட்டுரைகளும் சேர்ந்து போய்விடும்.

விதி ஏன் தேவை என்பதை மென்பொருள் பற்றிய கட்டுரைகளில் தெளிவாகப் பார்க்கலாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அடுத்து எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அடுத்த பதிப்பு வந்ததும் பாதி வரிகள் பொய்யாகிவிடும். அதைத் தேடித் திருத்த யாரும் வருவதில்லை. மேற்கோள் கேட்டால் இன்னொரு செய்முறைப் பக்கத்தையே காட்டுவார்கள். 'என் அனுபவத்தில் இதுதான் எளிய வழி' என்ற வகை வரிகளைச் சரிபார்க்க வழியே கிடையாது. மருத்துவத்தில் இது இன்னும் கவலைக்குரியது. ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவ நடைக் கையேடு, மருந்தளவு தருவதைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

இப்படி ஒரு கட்டுரை வந்தால் நான் செய்வது இதுதான்: படிப்படியான வரிகளை மனத்துக்குள் நீக்கிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். எழுதியவர் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பொருளைப் பற்றி மற்றவர்கள் ஆராய்ந்து எழுதியது இருந்தால் போதும்.

இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர் என்ற முதலுதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 'மார்பின் நடுவில் கையை வையுங்கள், அழுத்துங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கையேடு. ஆனால் அதன் பின்னே எவ்வளவு இருக்கிறது! மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தும் முறையைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை 1960-இல் வந்தது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 செ.மீ.க்குக் குறையாத, 6 செ.மீ.யைத் தாண்டாத ஆழம் என்ற அளவுகளுக்குக் காரணங்கள் உண்டு. ஆழம் குறைந்தால் போதிய இரத்தம் ஓடாது. மிகுந்தால் காயம் கூடும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுதாக எழவிட்டால்தான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். இவற்றை எழுதினால் செய்முறையும் தானாக உள்ளே வந்துவிடுகிறது, விளக்கமாக. அப்படிப்பட்ட கட்டுரையை நீக்கச் சொல்லி யாராவது வார்ப்புரு (பக்கத்தின் மேலே இடும் அறிவிப்புப் பெட்டி) இட்டால் உரையாடல் பக்கத்தில் எதிர்த்து எழுதுவேன்.

சிலர் 'அழுத்துங்கள்' என்பதை 'அழுத்தப்படுகிறது' என்று மாற்றிவிட்டுத் துப்புரவு முடிந்தது என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வினைமுற்று மாறியதே தவிர, உள்ளே இருப்பது அதே படிவரிசைதான். ஏன், எப்போதிலிருந்து, யார் ஏற்றார்கள், எங்கே கருத்து வேறுபாடு என்பவை வந்தால்தான் அது கலைக்களஞ்சியக் கட்டுரை.

செய்முறையே பொருளாக இருக்கும் இடங்களும் உண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் வழிமுறையில் படிகளை எடுத்துவிட்டால் கட்டுரையே இல்லை. ரூபிக் கனசதுரம் அப்படியல்ல. எர்னோ ரூபிக் 1974-இல் அதை உருவாக்கியதும், எந்த நிலையிலிருந்தும் 20 நகர்த்தல்களுக்குள் தீர்க்க முடியும் என்று 2010-இல் நிறுவப்பட்டதும் கட்டுரைக்குரியவை. எந்தப் பக்கத்தை எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்ற நீண்ட பட்டியல் வேறிடத்துக்குரியது.

கலைக்களஞ்சியம் கைவேலையைத் தொடவே கூடாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திதரோவும் தலம்பேரும் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை 17 உரைத் தொகுதிகளாகவும் 11 படத் தொகுதிகளாகவும் வெளிவந்தது. கைவினைஞர்களின் கருவிகளும் வேலை முறைகளும் அந்தப் படங்களில் நிறைந்திருக்கின்றன. தொழில் எப்படி நடக்கிறது என்று விளக்குவது இந்த வகை நூலின் பழைய கடமை.

மிச்சம் எதுவும் இல்லாத கட்டுரையையும் உடனே நீக்குவது எனக்குப் பிடிக்காது. பாடநூல்களும் கையேடுகளும் எழுதுவதற்காக 2003-இல் தொடங்கிய விக்கிநூல்கள் என்ற விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டம் இருக்கிறது. அங்கே கொண்டுபோகும்போது வெட்டி ஒட்டாமல் இறக்குமதி வசதியைப் பயன்படுத்தச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள். தொகுப்பு வரலாறும் எழுதியவர் பெயரும் கூடவே போகும். எழுதியவரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமத்துக்கும் அது தேவை. ஒரு விதிவிலக்கு: விக்கிஹவ் என்ற செய்முறை விளக்கத் தளத்திலிருந்து நகலெடுத்தது என்றால் எங்கும் நகர்த்த முடியாது. அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. விக்கிப்பீடியாவின் உரிமம் அனுமதிக்கிறது. அந்த உரையை நீக்கத்தான் வேண்டும்.

சிறிய மொழிகளில் விக்கிநூல்களுக்கு ஆள் குறைவு என்பது உண்மையான சிக்கல். நகர்த்திய பக்கம் அங்கே கவனிப்பாரற்றுக் கிடக்கலாம். அதனால் நகர்த்தியதும் எழுதிய புதுப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் புதிய இணைப்பைக் கொடுத்து, அங்கே தொடரும்படி அழைத்துவிடுகிறேன். அதே பொருளின் வரலாற்றையும் காரணங்களையும் இங்கே எழுத விருப்பமா என்றும் கேட்கிறேன்.