நேரடியாகக் கொடுப்பதா, பெரிய தொண்டு நிறுவனம் வழியாகவா?

மோதல் பகுதிகளில் அமைதிக்காக உழைக்கும் ஊர்க்குழுக்களுக்கு உதவ நினைப்பவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான்.

வேகம்: கென்யாவின் வஜீரில், 1990களில், குலங்களுக்கிடையே மோதல் நடந்தபோது, எந்தக் குலத்துப் பெண்ணும் பயமில்லாமல் வாங்கி விற்க வேண்டும் என்று பெண்களே சந்தையைக் கண்காணித்தார்கள். அப்புறம்தான் குலப் பெரியவர்கள் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். இந்த மாதிரி வேலைக்குத் தேவை சின்னத் தொகை, அதுவும் உடனே. நேரடி உதவிதான் பொருந்தும்.

கணக்கு: நிறுவனம் தணிக்கையைப் பார்த்துக்கொள்ளும்; ஒரு பங்கு நிர்வாகச் செலவுக்குப் போய்விடும்.

பாதுகாப்பு: வெளிநாட்டுப் பணம் என்ற பேச்சே சில இடங்களில் உயிருக்கு ஆபத்து. குழுவைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

குழுவை நன்றாக அறிந்தவர்கள் நேரடியாகவே கொடுக்கலாம், ஓராண்டோடு நிறுத்தாமல். யாரையும் தெரியாதவர்களுக்கு நிறுவனம் சரி. ஊருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.