அக்ரிலிக் ஓவியப் பிரதி வாங்கப் போகிறீர்களா? காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் புதுவீடு கட்டி, விறாந்தைச் சுவருக்குப் படம் தேடுகிற ஆக்கள் கவனத்துக்கு. பழைய ஐரோப்பிய இயற்கைக் காட்சி ஓவியங்களை 'மியூசியம் தரத்தில் 5 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில்' (கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தகட்டில்) அச்சடித்துத் தருவதாக பேஸ்புக்கில் விளம்பரம் போடும் ஒரு கொழும்புப் பக்கத்திடம் 28,500 ரூபாய் பறிகொடுத்திருக்கிறோம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. ஆனால் இதே வேலையைச் செய்யும் பக்கங்கள் வேறும் இருக்கலாம் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலேய ஓவியர் டேர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த 'ஃபைட்டிங் டெமரேர்' ஓவியத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். 1805 டிரஃபல்கார் போரில் சண்டை பிடித்த பெரிய பாய்க்கப்பலை, உடைப்பதற்காக ஒரு சின்னக் கறுத்த டக் (இழுவைப்படகு) தேம்ஸ் ஆற்றில் இழுத்துக்கொண்டு போகும் காட்சி. வலது பக்கம் சூரியன் மறைகிறது, இடது பக்கம் மேலே பிறை. மூல ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. பழைய கலண்டர் ஒன்றில் வந்த அந்தப் படத்தை அப்பா கண்ணாடி போட்டு வைத்திருந்தார். கடற்காற்றில் தாள் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. அக்ரிலிக் என்றால் ஈரப்பதன் உள்ளே போகாது, துடைத்து வைக்கலாம். அதனால்தான் ஓடர் கொடுத்தோம்.

பெட்டியைத் தூக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றடிக்கு இரண்டடி, 5 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகடு மட்டுமே ஏறத்தாழ 3.3 கிலோ வரவேண்டும். கூரியர் துண்டில் பெட்டியோடு சேர்த்தே இரண்டு கிலோ இல்லை. அடிமட்டம் வைத்துப் பார்த்தால் தகடு 2 மில்லிமீற்றர்தான். சுவரில் கொழுவினால் நடுப்பகுதி வளைந்து நிற்கிறது.

அப்பா கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "பிள்ளை, சூரியன் இந்தப் பக்கம் இல்லையே, டக் எதிர்ப் பக்கமா எல்லோ போகுது" என்றார். உண்மைதான். படம் முழுக்க இடம் வலம் மாறியிருந்தது. அக்ரிலிக்கில் அச்சு பின்பக்கத்தில்தான் இருக்கும், முன்னாலிருந்து தகட்டினூடாகப் பார்க்கிறோம். அதனால் அச்சடிக்கும்போதே படத்தைத் திருப்பிப் போடவேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாளே படிக்கிற விஷயம் இது. அதைக்கூடச் செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

பின்பக்கத்தைத் திருப்பினால் இன்னும் மோசம். தகட்டில் நேரடியாக யூவீ மையால் (புற ஊதா ஒளியில் காயும் மை) அச்சடிப்போம் என்று வட்ஸ்அப்பில் எழுதித் தந்தவர்கள், ஊடுதெரியும் ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். மூலையை நகத்தால் கிண்டினேன், உரிந்து வந்தது. கப்பலின் பாய்மரத்தை ஒட்டி வரிசையாகக் காற்றுக் கொப்புளங்கள். நல்ல வேலையென்றால் நிற மைக்குப் பின்னால் வெள்ளை மை ஒரு படை அடிப்பார்கள், அதுதான் வானத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். இதில் அது இல்லை. எங்கள் சுவர் இளம்பச்சை. டேர்னர் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தீட்டிய அந்தி வானம் எங்கள் வீட்டில் பாசி நிறத்தில் தெரிந்தது. அந்த வானத்துக்காகத்தானே இந்த ஓவியத்தை வாங்குகிறார்கள்!

அளவிலும் பிழை. மூல ஓவியம் 121.6 சென்ரிமீற்றர் அகலம், 90.7 உயரம், அதாவது நாலுக்கு மூன்று. அதை மூன்றுக்கு இரண்டில் அடக்கினால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். வெட்டப்போகிறோம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. டக்கின் புகைபோக்கி கிட்டத்தில் சதுரம் சதுரமாக உடைந்து தெரிகிறது, இணையத்தில் கிடைத்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். மூன்றடி அகலத்துக்குக் குறைந்தது 3,600 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள கோப்பாவது வேண்டும்.

படங்களோடு முறையிட்டபோது வந்த பதில், "அக்கா, ஒரிஜினலே இப்படித்தான்." காட்சியகத்தின் படத்தை அனுப்பிக் காட்டினேன். அப்புறம் "ஸ்பெஷல் ஓடர் திருப்பி எடுக்கமாட்டோம், அடுத்த ஓடருக்கு மூவாயிரம் குறைக்கிறோம்" என்றார்கள். காசைத் திருப்பிக் கேட்டதும் என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள். அவர்களுடைய பக்கத்தை என் தங்கையின் போனில் ஆறுதலாகப் பார்த்தோம். 'வாடிக்கையாளர் வீடுகள்' என்று போட்டிருக்கும் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே சாம்பல் நிற சோபா, ஒரே பூச்சாடி, அதன் நிழலும் அச்சாக ஒன்றே. சுவரில் உள்ள ஓவியம் மட்டும் மாறுகிறது. எல்லாம் கணினியில் ஒட்டியவை.

நீங்கள் வாங்குவதென்றால், அனுப்ப முன் உங்கள் படத்தையே பின்னால் டோர்ச் அடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளைப் படை இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று அதிலேயே தெரியும். தகட்டின் விளிம்பில் அடிமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓவியத்தின் உண்மையான அளவை காட்சியகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு, அதே விகிதத்தில் மட்டும் ஓடர் கொடுங்கள். டேர்னர், கொன்ஸ்டபிள், பிரீட்ரிக் போன்ற இயற்கைக் காட்சி ஓவியர்கள் எல்லோரும் 19ஆம் நூற்றாண்டில் இறந்தவர்கள், இந்த ஓவியங்களுக்குக் காப்புரிமை இல்லை. 'உரிமைக் கட்டணம்' என்று தனியாகக் காசு கேட்டால் அதுவும் பொய். திருகோணமலை உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்கு ஆணிதான் சரிவரும், எங்களுக்கு வந்தவை இப்போதே செம்பழுப்பு நிறம் காட்டுகின்றன. முழுக்காசையும் முன்கூட்டியே கேட்கிறவர்களிடம் போகவே வேண்டாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துப் பேசி, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், கூரியர் துண்டு எல்லாம் அதோடு இணைத்திருக்கிறேன். அதே சாம்பல் சோபா விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், பெட்டியையும் துண்டையும் எறிந்துவிடாதீர்கள்.