கிளாக்கோமா உள்ளவர்கள் கவனத்துக்கு: திராட்சை விதைச் சாறு காப்ஸ்யூலை நம்பிச் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

அம்மாவுக்குக் கிளாக்கோமா, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும் கண் நோய். தினமும் இரவு கண் அழுத்தத்தைக் குறைக்கும் லேட்டனோபிராஸ்ட் மருந்து ஒரு சொட்டு விட்டு, நான்கு வருடமாகக் கண் அழுத்தம் 16-ஐத் தாண்டாமல் இருந்தது. போன வருடம் போனில் ஒருவர் பேசினார். "சொட்டு மருந்து அழுத்தத்தை மட்டும்தான் குறைக்கும்மா. இது நரம்பையே காப்பாத்தும்" என்று திராட்சை விதைச் சாறு காப்ஸ்யூலை விற்றார். சொட்டு விட்டால் கண் சிவக்கிறதே என்று ஏற்கெனவே அம்மாவுக்குச் சலிப்பு. எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் சீல் உடைக்காத சொட்டு மருந்து பாட்டில்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் ஏழு மாதம் போயிருந்தது.

பரிசோதித்தால் அழுத்தம் 28. ஃபீல்டு டெஸ்டில், அதாவது ஒளிப்புள்ளி தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டிய பார்வைப் பரப்புச் சோதனையில், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திரையில் புள்ளி வருகிறது, மறைகிறது. பட்டன் மேல் இருந்த அம்மாவின் விரல் அசையவே இல்லை. வலி கிடையாது, ஓரப் பார்வைதான் முதலில் போகும். அதனால் அவருக்கே தெரியவில்லை.

அந்த ஆள் ஆதாரம் என்று அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் பிறகு வரி வரியாகப் படித்தேன். தட்டில் வளர்த்த செல்களின் மேல், அவற்றைச் சேதப்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருக்கிறார்கள். விதைச் சாறு சேர்த்த தட்டில் குறைவான செல்கள் செத்தன. அவ்வளவுதான். அந்த ஆய்வைக் குறை சொல்லவில்லை, அது ஆரம்பப் படி. ஆனால் தட்டில் நேராக ஊற்றுவது வேறு, விழுங்குவது வேறு. திராட்சை விதைச் சாற்றின் முக்கியப் பொருளான புரோஆந்தோசயனிடின்களில் பெரிய மூலக்கூறுகள் குடலிலேயே சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அதில் பயன்படுத்திய ஆர்ஜிசி-5 செல்வகை கூட பார்வை நரம்பை உருவாக்கும் விழித்திரைச் செல்லே இல்லை, எலியின் ஒளியுணர் செல்வகை என்று பின்னால் தெரியவந்தது. நரம்பைக் காக்கும் என்று எதிர்பார்த்த மெமன்டின் என்ற மருந்தும் விலங்குகளில் நம்பிக்கை தந்து, மனிதர்களிடம் நடந்த பெரிய கிளாக்கோமா சோதனைகளில் தோற்றது.

பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். செத்தது திரும்ப முளைக்காது. அழுத்தத்தைக் குறைப்பதுதான் அந்த நரம்பைக் காப்பாற்றும் என்று நிரூபணமான வழி. காப்ஸ்யூல் விற்றவர் இதைத்தான் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றுகூட அம்மாவிடம் கேட்கவில்லை. அதனோடு திராட்சை விதைச் சாறு சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடலாம்.

சொட்டு மருந்தைத் திரும்ப ஆரம்பித்து அழுத்தம் 17-க்கு வந்துவிட்டது. போன பார்வை வரவில்லை. விற்றவரை அழைத்துக் கேட்டேன். "மருந்துன்னு நாங்க எங்கேயும் எழுதலையே சார்" என்றார். காப்ஸ்யூல் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், அம்மாவால் ஒருநாளும் படித்திருக்க முடியாத பொடி எழுத்தில், 'எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல' என்று இருந்தது.