பானசோனிக் ஜிஎம்1: மேல்சட்டைப் பையில் ஒரு முழு கேமரா

பானசோனிக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட லூமிக்ஸ் ஜிஎம்1, எடை குறைந்த கேமராவைப் பழைய பொருள் சந்தையில் தேடுபவர்கள் இன்றும் பரிசீலிக்கத் தக்கது. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 204 கிராமே உள்ள இதற்குள், அந்நிறுவனத்தின் பெரிய கேமராக்களில் இருந்த அதே அளவிலான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (பானசோனிக்கும் ஒலிம்பஸும் பகிர்ந்துகொள்ளும் கேமரா தரநிலை) சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, 16 மெகாபிக்சல் திறனுடன் இருக்கிறது. உடன் வரும் 12-32 மி.மீ. லென்ஸ் 70 கிராம்தான். அதைத் திருகி உள்ளிழுத்துவிட்டால் மொத்தமும் மேல்சட்டைப் பையில் அடங்கிவிடும்.

இவ்வளவு சிறிதாக்கியதன் விளைவு, ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரில் தெரிகிறது. இயந்திர ஷட்டரின் உச்ச வேகம் 1/500 வினாடி மட்டுமே. அதற்கு மேல் 1/16,000 வினாடி வரை மின்னணு ஷட்டர்தான் இயங்கும். சத்தமே எழாததால் கச்சேரி அரங்குகளில் அது பெரும் வசதி என்றாலும், சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், வேகமாகக் கடக்கும் பேருந்தின் ஜன்னல் கம்பிகள் படத்தில் சாய்ந்துவிடும். சில டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடுகளும் விழும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது என்பதால் உச்சிவெயிலில் திரையைப் பார்த்துப் படமெடுப்பது சிரமம்தான். அது தேவைப்படுபவர்கள் 2014-இல் வந்த ஜிஎம்5-ஐத் தேடலாம். பெரிய ஜூம் லென்ஸ் மாட்டினால் எடை முன்பக்கம் சாய்ந்து, பிடிக்க வசதியில்லாத உடல் கையில் நழுவப் பார்க்கும். ஒலிம்பஸின் 45 மி.மீ. எஃப்1.8 போன்ற 116 கிராம் லென்ஸே இதற்கு ஏற்ற துணை. ஒரு சார்ஜில் சுமார் 230 படங்களே எடுக்கலாம் என்பதால், இரண்டாவது பேட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.