ஸ்பீடைத் தவிர மற்றதெல்லாம்: பெங்களூரில் ஃபைபர் நெட் அனுபவம்

ஸ்பீடு டெஸ்ட் படம் எதுவும் போடப் போவதில்லை. பிளானில் என்ன வேகம் சொன்னார்களோ அது வருகிறது, மழை பெய்தாலும் வருகிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது போட்ட ஃபைபர், வீடு மாறி, நெட் கம்பெனி மாறி, இப்போது அல்சூர் பக்கம் ஜோகுபாளையாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகம், விலை, ஓடிடி இலவசம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கவனித்து வந்தது வேறு: இந்த இணைப்பு எவ்வளவு கரண்ட் தின்கிறது, எவ்வளவு குப்பை போடுகிறது, யார் உழைப்பில் வீடு வந்து சேர்கிறது.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடலாம். நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் (GPON) என்ற ஃபைபர் முறை. எக்ஸ்சேஞ்சில் ஒளியை அனுப்ப ஓஎல்டி என்று ஒரு பெட்டி, வீட்டில் அந்த ஒளியை நெட் சிக்னலாக மாற்ற ஓஎன்டி என்று ஒரு பெட்டி. நடுவே 20 கிலோமீட்டர் வரை கரண்ட் கேட்கும் கருவி ஒன்றுகூட வேண்டாம். தெருமுனையில் இருக்கும் ஸ்ப்ளிட்டர், ஒரே இழையில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் வெறும் கண்ணாடி. அதற்கு ஸ்விட்சும் இல்லை, பேட்டரியும் இல்லை. பழைய கேபிள் நெட்டில் வழியெல்லாம் ஆம்ப்ளிஃபையர் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேண்டும். வீட்டில் யுபிஎஸ் வைத்திருந்தும் தெருவில் கரண்ட் போனால் நெட் போய்விடும், ஞாபகம் இருக்கிறதா?

ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமை 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரு மணி நேரம் எச்டி வீடியோ பார்க்க, டேட்டா சென்டரும் கடத்தலும் சேர்த்து, ஃபைபரில் 2 கிராம் கரியமில வாயு. செம்புக் கம்பி விடிஎஸ்எல்லில் 4, 5ஜியில் 5, 4ஜியில் 13, 3ஜியில் 90. டிவி, லேப்டாப் தின்னும் கரண்ட் இதில் சேரவில்லை. நம் ஊர் கரண்டில் நிலக்கரி அதிகம் என்பதால் இங்கே எண்கள் ஏறும். ஆனாலும் வீட்டில் ஃபைபர் வைத்துக்கொண்டு போன் டேட்டாவில் படம் பார்க்கும் என் தங்கையைத் திட்ட இந்த வரிசை போதும்.

அந்த 2 கிராமோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, ரவுட்டரோடு சேர்ந்த ஓஎன்டிக்கு வைத்துப் பார்த்தேன். 9 வாட் பக்கம் நிற்கிறது. இரண்டு பேர் வீடியோ மீட்டிங்கில் இருந்தாலும் அதேதான், வீடே தூங்கினாலும் கிட்டத்தட்ட அதேதான். வருஷத்துக்கு 79 யூனிட் ஆகிறது. யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 475 ரூபாய் பக்கம். 2023இல் கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டத்தில் இலவச யூனிட் வந்த பிறகு பல வீடுகளில் இது கண்ணிலேயே படாது. இந்தியக் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியானால் இந்தப் பெட்டி மட்டும் நாளொன்றுக்கு 150 கிராம். மூன்று மணி நேரம் படம் பார்த்ததற்கு ஜெர்மன் கணக்கில் 6 கிராம், நம் கிரிட்டுக்காக அதை இரட்டிப்பாக்கினாலும் 12. படம் பார்ப்பதைக் குறைத்துப் பூமியைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள் பிளக் பாயின்ட் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இரவு 11 முதல் காலை 6 வரை அணைந்திருக்க ஒரு டைமர் பிளக் போட்டேன். வருஷத்துக்கு 23 யூனிட் மிச்சமாகும். கரண்ட் போகும்போது ஓஎன்டி கடைசி நொடியில் எக்ஸ்சேஞ்சுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் அணையும். அதனால் லைன் அறுந்ததாக அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் கேமரா இருந்தாலோ, வயதானவர்கள் ஃபைபர் வழியே வரும் லேண்ட்லைனை நம்பி இருந்தாலோ இந்த வேலை வேண்டாம்.

வீட்டுக்குள் கதை இவ்வளவுதான். வாசலைத் தாண்டினால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு புங்கை மரம். அதில் இலையைவிடக் கறுப்பு ஒயர் அதிகம் என்றால் கொஞ்சம்தான் மிகை. எந்த ஒயரில் உயிர் இருக்கிறது, எது செத்தது என்று ஒயர் கட்டியவருக்கே தெரியாது. அணில் கடிக்கும், கிளை விழும், உயரமான லோடு ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகும். உடனே ஓஎன்டியில் சிவப்பு லைட். அறுந்த இடத்தைத் தேடி ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்து ஒட்டலாம், ஆனால் நேரம் பிடிக்கும். தெருமுனைப் பெட்டியிலிருந்து வீடு வரை புது ஒயர் இழுப்பது சுலபம். பழையதை இரண்டு முனையிலும் வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள். வாடகைக்காரர் காலி செய்தாலும் இதே கதைதான். புதிதாக வருகிறவருக்கு வேறு கம்பெனி, வேறு ஒயர்.

செம்பு ஒயராக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது உருவிக் குஜரிக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டிருப்பார்கள். ஃபைபரில் என்ன இருக்கிறது? 125 மைக்ரான் தடிமனில் ஒரு கண்ணாடி இழை, துணைக்கு இரும்பிலோ ஃபைபர்கிளாஸிலோ மெல்லிய கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. பிரித்தெடுக்கும் கூலிக்குக்கூடத் தேறாது. திருடனே தொடாததைக் கம்பெனி எதற்கு இறக்கப் போகிறது? மரமோ வருஷா வருஷம் பருக்கிறது. இறுக்கிக் கட்டிய ஒயர் பட்டைக்குள் புதைந்து, பட்டைக்கு அடியில் உணவு இறங்கும் பாதையை நெரிக்கிறது. அந்தப் புங்கையின் ஒரு கிளையில் ஒயர் உள்ளே போய், மேலே வீங்கி, பட்டை மூடிவிட்டது. இனி எடுக்கவே முடியாது.

2024இல் பெங்களூருக்குக் கரண்ட் கொடுக்கும் பெஸ்காம் தன் கம்பங்களில் ஏறியிருந்த ஃபைபர் ஒயர்களை அகற்றும் வேலையில் இறங்கியது. கம்பத்திலிருந்து இறங்கிய ஒயர் பக்கத்து மரத்துக்குப் போனதுதான் எங்கள் தெருவில் நான் கண்டது. ரெசிடென்ஸி ரோடு மாதிரி டெண்டர்ஷூர் முறையில் போட்ட சாலைகளில் நடைபாதைக்குக் கீழே ஒயருக்கென்றே குழாய் இருக்கிறது. ஜோகுபாளையா மாதிரிச் சந்துகளுக்கு அந்த யோகம் இல்லை.

போன மழைக்காலத்தில் லைன் போனபோது வந்தவர் ஓசூர்க்காரர், பானஸ்வாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, மின்கம்பிக்குக் கை எட்டும் உயரத்தில், செருப்புக் காலோடு நின்றார்.

“பெல்ட் இல்லையா தம்பி?”

“ஆபீஸ்ல இருக்கு சார். அதை மாட்டிக் கழட்டிட்டு இருந்தா கம்ப்ளைன்ட் முடியாது. கம்ப்ளைன்ட் முடிஞ்சாதான் காசு.”

அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. கான்ட்ராக்டர் புது கனெக்‌ஷனுக்கு ஒரு ரேட், ரிப்பேருக்கு அதைவிடக் குறைவாக ஒரு ரேட் கொடுக்கிறாராம். பழைய ஒயரை இறக்கினால்?

“அதுக்கு பில்லே கிடையாது சார். யார் குடுப்பா?”

மரம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வந்து சேரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 19 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால்தான் ஓஎன்டி திணறும், அதனால் சிக்னல் அருமை. போகும்போது அஞ்சு ஸ்டார் போடச் சொன்னார், குறைந்தால் காசைப் பிடித்துக்கொள்வார்களாம். போட்டேன். பெல்ட் கொடுக்காத கம்பெனிக்கு ஸ்டார் போட அந்த ஆப்பில் இடமில்லை.

அடுத்த தலைவலி பெட்டி. ஜிபான், சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த, உலகத்துக்கே பொதுவான தரம். ஆனாலும் ஒரு கம்பெனி கொடுத்த ஓஎன்டி இன்னொரு கம்பெனியில் பெரும்பாலும் வேலை செய்யாது. சீரியல் நம்பரைப் பதிந்து, மென்பொருளைப் பூட்டி வைத்திருப்பார்கள். கம்பெனி மாறினால் நல்ல நிலையில் இருக்கும் பெட்டியும் குப்பைதான். என் பழைய கம்பெனி ஆளை அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஆளும் வரவில்லை, டெபாசிட்டும் வரவில்லை. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளில் ரவுட்டரும் மோடமும் பட்டியலில் இருக்கின்றன. தயாரிப்பாளருக்குத்தான் மறுசுழற்சிக்கான பொறுப்பு. கால் சென்டரில் அதைச் சொன்னால் “புது ஆஃபர் இருக்கு சார்” என்கிறார்கள். கடைசியில் அதைச் செட்டிங்கில் மாற்றி, லேன் ஒயர் போட்டு, பின்னறைக்கு வைஃபை கொடுக்கும் பெட்டியாக்கினேன். அதுவும் முடியாதவர்கள் அடாப்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் பெட்டியைக் கொடுக்கலாம். குஜரிக் கடைக்குப் போனால் கடைசியில் யாரோ அதை நெருப்பில் போட்டோ ஆசிட்டில் ஊறவைத்தோதான் உலோகம் எடுப்பார்கள்.

“ஏர்ஃபைபர் போட்டா மரத்துல ஒயரே வேண்டாமே” என்றாள் தங்கை. நியாயமான கேள்வி. ஆனால் மொட்டை மாடியில் வைக்கும் ரிசீவரும் கரண்டில்தான் ஓடும், உள்ளே ரவுட்டர் தனி, நடுவில் காற்றில் போவது பல இணைப்புகளில் 5ஜி. 11 மாத அக்ரிமென்ட் முடிந்ததும் ஏரியா மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒருவேளை அது சரிப்படலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஃபைபரைத்தான் சொல்வேன். வீடு மாறினாலும் கனெக்‌ஷனை வெட்டாமல் ஷிஃப்டிங் கேளுங்கள், பெட்டி கூடவே வரும். பிளானை ஏற்றினால் புது ரவுட்டர் இலவசம் என்பார்கள், பழையது ஓடும் வரை வேண்டாம் என்று சொல்லலாம். லைன்மேன் வந்து ஏணி சாத்தியிருக்கும்போதே, கரண்ட் கம்பி பக்கம் போகாமல் சுவரிலும் கைக்கு எட்டுகிற கிளையிலும் இருக்கும் செத்த ஒயரை இறக்கச் சொல்லி, தனியாக இருநூறு ரூபாய் கொடுங்கள். எங்கள் ஓசூர்க்காரர் அந்த இருநூறுக்கு ஒரு சாக்கு நிறைய இறக்கினார். அந்தச் சாக்கைக் கம்பெனி வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். டிக்கெட் நம்பர் வந்திருக்கிறது.